சீட்டு எழுதுவது அங்கே, சீட்டுக் கிழிவது இங்கே

"ஷேர் மார்க்கெட் சரிந்தது!" "முதலீட்டாளர்களின் பல்லாயிரம் கோடி ஆவியாயிற்று!" தினசரிப் பத்திரிகைகள் அடிக்கடி இப்படிக் கொட்டை எழுத்தில் அலறுகின்றன. அதைப் படித்துவிட்டு மில் வாசல் டீக்கடையில் தோழர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இத்தனை கோடி போயிற்றென்றால் எங்கே போயிற்று? யார் வாரிக்கொண்டு போனார்கள்?"

நல்ல கேள்வி. பத்திரிகைகள் இதற்குப் பதில் சொல்வதில்லை. நாம் சொல்லிப் பார்ப்போம்.

எலெக்ட்ரானிக்ஸ் தொழிலை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். செல்போன், டெலிவிஷன், அவற்றின் உள்ளே இருக்கும் பச்சைத் தகடுகள் ஆகியவற்றைப் பூட்டிச் சேர்க்கும் தொழில் இது. நெசவு மில்காரருக்கும் நாற்று நடுகிறவருக்கும் இதில் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க மாட்டீர்கள். வடாற்காடு, தென்னாற்காடு பக்கத்துக் கிராமங்களில் வயல் வேலைக்குப் போகிற தாயின் மகள், பிளஸ் டூ முடித்த கையோடு பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூரில் இறங்குகிறாள். கம்பெனி விடுதியில் தங்கி, நின்றபடியே செல்போன் பூட்டுகிறாள். பருத்தி மில் மூடிய ஊரில் பையன்கள் ஓசூருக்குப் போகிறார்கள். சம்பந்தம் ஏற்கெனவே ஏற்பட்டுவிட்டது.

உற்பத்தி இரட்டித்தது, ஷேர் விழுந்தது!

2025 ஜனவரி 20-ஆம் தேதி. நொய்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட டிக்சன் டெக்னாலஜீஸ் என்ற கம்பெனி தன் மூன்று மாதக் கணக்கை வெளியிட்டது. இந்தக் கம்பெனி மற்றவர்களுடைய பெயரில் செல்போனும் டெலிவிஷனும் செய்து கொடுக்கிறது. நம் எல்லைக்கு அருகே திருப்பதியிலும் இதற்குப் பாக்டரி உண்டு. 2023 கடைசி மூன்று மாதங்களில் 4,821 கோடி ரூபாயாக இருந்த வியாபாரம், 2024 கடைசி மூன்று மாதங்களில் 10,461 கோடியாயிற்று. லாபம் 97 கோடியிலிருந்து 217 கோடியாக ஏறிற்று. இரண்டுமே இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டன.

ஒரு நூற்பு மில்லில் ஒரே வருஷத்தில் உற்பத்தியும் லாபமும் இரட்டித்தால் என்ன நடக்கும்? முதலாளி கோயிலுக்கு வெள்ளிக் கவசம் சாத்துவார். டிக்சனுக்கு என்ன நடந்தது? மறுநாள் காலையில் மார்க்கெட் திறந்ததும் அதன் ஷேர் தலைகுப்புற விழுந்தது. ஒரே நாளில் பத்து சதவிகிதத்துக்கும் மேல்! கம்பெனியின் மொத்த ஷேர் மதிப்பில் பத்தாயிரம் கோடிக்கும் அதிகமான தொகை ஒரு பகலில் காணாமற் போயிற்று. பாக்டரி எரியவில்லை. ஒரு ஸ்குரூ ஆணிகூடக் கழலவில்லை. ஒரு தொழிலாளியும் வேலைக்கு வராமல் நிற்கவில்லை.

பின் ஏன் விழுந்தது?

தரகுக் கம்பெனிகளில் 'அனலிஸ்ட்' என்று ஒரு வகை உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் என்று தமிழில் சொல்கிறார்கள். கம்பெனிகளின் கணக்கைப் படித்து, வரும் வருஷத்தில் லாபம் எவ்வளவு இருக்கும் என்று யூகித்து, 'வாங்கு', 'வைத்திரு', 'விற்றுவிடு' என்று முத்திரை குத்திச் சீட்டு எழுதுவதே இவர்கள் வேலை. நேற்று 'வாங்கு' என்ற ஷேரை இன்று 'வைத்திரு' என்று இறக்கினால் அதற்குத் தரக்குறைப்பு என்று பெயர். அன்று டிக்சனுக்கு 'விற்றுவிடு', 'பின்தங்கும்' என்ற முத்திரைகளோடு வெளிநாட்டுத் தரகர்களின் சீட்டுகள் இருந்தன. 'வாங்கு' என்று சொன்ன தரகர்களும் இருந்தார்கள் என்பது வேடிக்கை. கணக்கு ஒன்றுதான், ஜாதகம் மட்டும் இரண்டு!

'விற்றுவிடு' என்றவர்களின் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிடுவோம். போன வருஷத்தோடு ஒப்பிட்டால் இரட்டிப்பு. ஆனால் அதற்கு முந்திய மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால்? அப்போது வியாபாரம் 11,534 கோடி, லாபம் 412 கோடி. ஆகவே வேகம் தளர்ந்துவிட்டது என்றார்கள். அந்த 412 கோடியில் ஏறத்தாழப் பாதி, இன்னொரு கம்பெனியில் இருந்த பங்கை மறுமதிப்புப் போட்டதால் காகிதத்தில் ஒருமுறை வந்த லாபம். தொழிலாளி பூட்டிய செல்போனிலிருந்து வந்ததல்ல. அதைக் கழித்துப் பார்த்தால் சரிவு அவ்வளவு பெரிதல்ல. ஆனால் அவர்களுடைய உண்மையான கவலை வேறு. ஷேரின் விலை கம்பெனியின் ஆண்டு லாபத்தைப் போல் நூறு மடங்கையும் தாண்டி நின்றது. லாபம் இப்படியே நின்றால், போட்ட பணத்தை எடுக்க நூறு வருஷம் காத்திருக்க வேண்டும்! யாரும் நூறு வருஷம் காத்திருக்க ஷேர் வாங்குவதில்லை. லாபம் வருஷா வருஷம் தாவிக்கொண்டே போகும், விலை இன்னும் ஏறும், ஏறியதும் அடுத்தவன் தலையில் கட்டலாம் என்றுதான் வாங்குகிறார்கள். தாவல் கொஞ்சம் தளர்ந்ததென்று தெரிந்தாலும் எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடுகிறார்கள்.

மாந்தோப்புக் குத்தகை பார்த்த தோழர்களுக்கு இது உடனே விளங்கும். தை மாதம் வியாபாரி தோப்புக்கு வருகிறார். மரத்தில் காய் இல்லை, பூ மட்டும்தான் இருக்கிறது. பூவை அண்ணாந்து பார்த்துவிட்டு இத்தனை டன் காய்க்கும் என்று கணித்துப் பணம் பேசுகிறார். அவர் கையிலிருந்து இன்னொருவர் அதிக விலைக்கு அதே பூவை வாங்குகிறார், அவரிடமிருந்து மூன்றாமவர். ஒரு பனி விழுந்து பூக் கருகிற்று என்று யாராவது வந்து சொன்னால் போதும், மூன்றாமவரின் முகம் கருகிவிடும். தோப்பில் மண் வெட்டி, மருந்தடித்து, தண்ணீர் கட்டியவருக்கு இந்தக் கைமாற்றம் எதிலும் பங்கில்லை. ஆனால் வியாபாரிக்கு நஷ்டம் என்றால் முதலில் குறைவது காய் பறிக்கிறவரின் கூலி.

கோடிகள் எங்கே போயின?

இப்போது டீக்கடைக் கேள்விக்கு வருவோம். ஊரில் நூறு ஏக்கர் நிலம் இருக்கிறது. ஒருவர் மகள் கல்யாணத்துக்காக ஒரு ஏக்கரைச் சந்தை விலைக்கு ஒரு லட்சம் குறைத்து விற்கிறார். மற்ற தொண்ணூற்றொன்பது ஏக்கரும் அவரவரிடம் அப்படியே கிடக்கிறது. கணக்கப்பிள்ளை ஒருவர் எழுந்து, "ஏக்கருக்கு ஒரு லட்சம் குறைந்தது. நூறு ஏக்கருக்கு ஒரு கோடி நஷ்டம். ஊரில் ஒரு கோடி ஆவியாயிற்று!" என்று தண்டோராப் போட்டால் எப்படி இருக்கும்? ஷேர் மார்க்கெட் செய்தி இதுதான். ஒரு நாளில் கைமாறுவது கம்பெனி ஷேரில் சிறு பங்கு. அந்த விலையால் எல்லா ஷேரையும் பெருக்கிப் 'பத்தாயிரம் கோடி' என்கிறார்கள். அந்தப் பணம் முதல் நாளும் எந்தப் பெட்டியிலும் இருந்ததில்லை.

நஷ்டமே இல்லை என்று சொல்கிறோமா? இல்லை. உச்ச விலையில் வாங்கிப் பயந்து விற்றவருக்கு நஷ்டம் நிஜம். அவர் பணம் ஆவியாகவில்லை. அவருக்கு உச்ச விலையில் விற்றுவிட்டு முன்னமே வெளியேறியவரின் மடியில் அது பத்திரமாக இருக்கிறது. அப்படி வெளியேறுகிறவர் பெரும்பாலும் யார்? சீட்டைக் காலையிலேயே கையில் வாங்கும் பெரிய நிதி நிறுவனங்கள். மத்தியானம் டெலிவிஷனில் கேட்டு ஓடிவருகிறவர் சிறுவர்த்தகரும் குமாஸ்தாவும்.

இன்னொரு கணக்கு. 2017 செப்டம்பரில் டிக்சன் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு ஷேர் விற்றபோது ஒன்றின் விலை 1,766 ரூபாய். பிறகு அந்த ஷேர் ஐந்தாக உடைக்கப்பட்டது. ஆக இன்றைய ஷேர் ஒன்றுக்கு அன்று கொடுத்தது சுமார் 353 ரூபாய். 2025 ஜனவரிச் சரிவுக்கு முதல் நாள் அதன் விலை பதினேழாயிரத்துக்கும் மேல். ஏழு வருஷத்தில் ஏறத்தாழ ஐம்பது மடங்கு! அந்த ஏழு வருஷத்தில் பூட்டும் வரிசையில் நிற்கிறவருடைய சம்பளம் எத்தனை மடங்கு ஏறிற்று என்று கேட்டால் பத்திரிகைகளுக்குக் கோபம் வரும்.

சர்க்கார் பணமும் சந்தை யூகமும்

இந்தத் தொழிலில் தனி விசேஷம் ஒன்றுண்டு. செல்போன் பூட்டிக் கொடுப்பதில் நூறு ரூபாய் வியாபாரத்துக்கு நிகர லாபம் மிகக் கொஞ்சம். மேலே சொன்ன கணக்கையே வகுத்துப் பாருங்கள். 10,461-க்கு 217. நூற்றுக்கு இரண்டு ரூபாய் சொச்சம். வட்டி, தேய்மானம், வரி கழிக்கும் முன்பேகூட நான்கு ரூபாய்க்குள்தான். செல்போனின் மீதிக் கிரயம் எங்கே? சில்லுக்கும் திரைக்கும் கேமராவுக்கும் அயல்நாட்டுக்குப் போகிறது. பெயர் போட்டவன் பெரும் லாபத்தை எடுக்கிறான். பூட்டுகிற முதலாளிக்கு எஞ்சுவது விளிம்பு. அந்த விளிம்பை அகலப்படுத்த அவர் தொடக்கூடியது இரண்டே இரண்டு: சர்க்கார் மானியம், தொழிலாளியின் கூலி.

மானியம் சிறிதல்ல. 2020 ஏப்ரலில் மத்திய சர்க்கார் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் உற்பத்திக்கு ஊக்கத் தொகைத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஒதுக்கீடு 40,951 கோடி ரூபாய். கூடுதலாக விற்ற ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் 4 முதல் 6 ரூபாய் வரை கஜானாவிலிருந்து கொடுப்பது ஏற்பாடு. கம்பெனியின் சொந்த லாபம் இரண்டு ரூபாய் சொச்சம், சர்க்கார் கொடுப்பது நான்கிலிருந்து ஆறு! இதில் ஒரு பங்கு பெயர் போட்டவனுக்கும் போகிறது என்றாலும், யார் தோளில் யார் நிற்கிறார்கள் என்பது தெரிகிறதல்லவா? திட்டம் 2025-26 நிதியாண்டோடு முடிவதாக வகுக்கப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் சீட்டில் இதை மறைக்கவில்லை. "மானியம் நின்றால் லாபம் என்னவாகும்?" என்பது அவர்கள் கேட்ட முக்கியக் கேள்விகளில் ஒன்று. தனியார் முயற்சி, தனியார் சாமர்த்தியம் என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு இந்தச் சீட்டுகளைப் படித்துக் காட்ட வேண்டும். 2025 மார்ச்சில் உதிரிப்பாகங்களுக்கென்று 22,919 கோடியில் இன்னொரு திட்டம் வந்ததும் இதன் தொடர்ச்சி.

பாக்டரிகள் வரவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அயல்நாட்டில் செய்து இறக்கியதை இங்கே செய்வது நல்லதுதான். ஜனங்களின் பணம் போகிற இடத்தில் தொழிலாளிக்குச் சம்பளம் என்ன, வேலை நிரந்தரமா, சங்கத்துக்கு அனுமதி உண்டா என்று ஒரு நிபந்தனையாவது இருக்கவேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

மானியம் சந்தேகமானால் முதலாளியின் கண் மற்றதன் மேல் விழுகிறது. ஷேர் விழுந்தால் அவருக்கு நேரடியாக வலிக்கும் இடங்கள் உண்டு. மேல் உத்தியோகஸ்தர்களின் சம்பளத்தில் ஒரு பகுதி ஷேராகவே கொடுக்கப்படுகிறது. புது ஷேர் விற்று மூலதனம் திரட்ட வேண்டுமானால் விலை உயர்ந்து நிற்கவேண்டும். ஷேரை அடகு வைத்துக் கடன் வாங்கிய முதலாளிகளுக்கு விலை இறங்கினால் கடன்காரன் கதவைத் தட்டுவான். ஆகவே அடுத்த மூன்று மாதக் கணக்கில் ஆய்வாளரைத் திருப்திப்படுத்தியே தீரவேண்டும். எப்படி? நிரந்தர ஆளுக்குப் பதில் காண்ட்ராக்ட் ஆள், எட்டு மணியில் முடித்த எண்ணிக்கையை ஏழு மணியில் கேட்பது, ஆர்டர் குறைந்தால் "நாளை முதல் வரவேண்டாம்." 2022-23-ஆம் ஆண்டின் சர்க்கார் தொழிற்சாலைக் கணக்கெடுப்புப்படி நாட்டின் பதிவு பெற்ற பாக்டரிகளில் நூறு தொழிலாளர்களில் நாற்பது பேர் காண்ட்ராக்டில் இருந்தார்கள். நோட்டீஸ் இல்லை, நஷ்டஈடு இல்லை. ஷேர் மார்க்கெட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கும் ரப்பர் இவர்கள்தான்.

நோக்கியாவில் நடந்தது

நம் கண் முன்னே நடந்த சரித்திரம் ஒன்று இருக்கிறது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா பாக்டரி உற்பத்தி தொடங்கிற்று. உச்சக் காலத்தில் எட்டாயிரம் பேர் வரை வேலை செய்தார்கள், பெரும்பாலோர் இளம் பெண்கள். உலகில் அதிகமாக செல்போன் செய்த பாக்டரிகளில் அது ஒன்று.

புதுவகைப் போன்கள் வந்து பின்லாந்துக் கம்பெனி பின்தங்கிற்று. 2012 ஏப்ரலில் பிட்ச், எஸ் அண்டு பி என்ற இரண்டு தரநிர்ணயக் கம்பெனிகள் நோக்கியாவின் கடன் பத்திரங்களைக் குப்பைத் தரத்துக்கு இறக்கின. இவர்கள் ஷேருக்கு முத்திரை குத்துகிறவர்கள் அல்ல, கடனுக்கு முத்திரை குத்துகிறவர்கள். ஆனால் சாட்டை ஒன்றுதான். 2012 ஜூன் 14 அன்று நோக்கியா பத்தாயிரம் பேரை உலகெங்கும் வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. மறுநாள் மூடீஸ் என்ற மூன்றாவது கம்பெனியும் குப்பைத் தரம் என்று முத்திரை குத்திற்று. பத்தாயிரம் குடும்பங்களைப் பலி கொடுத்தும் தெய்வம் இறங்கி வரவில்லை!

2013 செப்டம்பர் 3. செல்போன் தொழிலை மைக்ரோசாப்டுக்கு 544 கோடி யூரோவுக்கு விற்பதாக நோக்கியா அறிவித்தது. அன்று அதன் ஷேர் ஒரே நாளில் முப்பது சதவிகிதத்துக்கும் மேல் துள்ளி ஏறியது. மார்க்கெட்டில் ஆனந்தக் கூத்து. ஸ்ரீபெரும்புதூரில்? வரித் தகராறு கோர்ட்டில் இருந்ததால் அந்தப் பாக்டரியை மைக்ரோசாப்ட் எடுத்துக்கொள்ளவில்லை. விற்பனையிலிருந்து விலக்கப்பட்டு அது அநாதையாக நின்றது. 'விருப்ப ஓய்வு' என்ற பெயரில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்துப் போட்டு வெளியேறினார்கள். இருபத்து மூன்று வயதில் ஓய்வு! 2014 நவம்பர் 1 அன்று பாக்டரி நின்றது. அடுத்த மாதம் அதே வளாகத்திலிருந்த பாக்ஸ்கானும் மூடியது. மார்க்கெட் கொண்டாடிய நாளிலிருந்து பதினான்கு மாதத்தில் கேட்டுக்குப் பூட்டு.

ஷேர் விழுந்தபோதும் தொழிலாளிக்கு அடி. ஷேர் ஏறியபோதும் தொழிலாளிக்கு அடி.

சீட்டில் இல்லாத வரி

பாக்ஸ்கான் என்ற பெயர் வந்துவிட்டதால் 2021 டிசம்பரையும் சொல்லியாக வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் பாக்டரிக்கு ஆள் தங்கும் விடுதி ஒன்றில் உணவு விஷமாகி 159 பெண்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் கதி என்னவென்று தெரியாமல் பெண்கள் இரவோடிரவாக சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கம் இல்லை, தலைவர் இல்லை, மைக் இல்லை. போலீஸ் வந்தது, பலர் கைதானார்கள். பாக்டரி 2022 ஜனவரி 12 வரை திறக்கவில்லை. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன் விதிகளுக்கு ஏற்றபடி இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டு பாக்ஸ்கானைக் கண்காணிப்பில் வைத்தது.

ஆய்வாளரின் சீட்டில் உள்ள இனங்கள் என்ன? வருமானம், விளிம்பு, ஆர்டர் புத்தகம், கடன், வட்டி. விடுதிச் சோற்றுக்கு அதில் ஓர் இனம் கிடையாது. நெடுஞ்சாலையில் பெண்கள் உட்கார்ந்த பிறகு வேண்டுமானால் 'உற்பத்தித் தடை' என்று ஒரு வரி வரும். கெட்டுப்போன சோற்றை யார் கணிக்கிறார்கள்?

ஆய்வாளர்கள் எல்லோரும் பொய்யர்கள் என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவில் பொய்யர்கள் பிடிபட்ட கதை உண்டு. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய கம்ப்யூட்டர் மோகத்தில், தாங்களே உள்ளுக்குள் குப்பை என்று கடிதம் எழுதிக்கொண்ட ஷேர்களை வெளியே 'வாங்கு' என்று விற்றார்கள். காரணம், அதே கம்பெனிகளின் ஷேர் வெளியீட்டு வேலை அந்தத் தரகு நிறுவனங்களுக்கே கிடைத்துவந்தது. 2002-இல் மெரில் லிஞ்ச் 10 கோடி டாலர் கட்டிற்று. 2003-இல் பத்துப் பெரிய நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 140 கோடி டாலருக்கு வழக்கைத் தீர்த்துக்கொண்டன. ஹென்றி பிளாட்ஜெட், ஜாக் கிரப்மன் என்ற இரண்டு பிரபல ஆய்வாளர்களுக்கு ஆயுள் முழுவதும் அந்தத் தொழிலில் தடை. நம் நாட்டில் செபி 2014-இல்தான் ஆய்வாளர்களுக்கென்று தனி விதிகள் போட்டது.

உருப்படியான வேலை செய்த ஆய்வாளர்களும் உண்டு. 2025 டிசம்பரில் கோட்டக் தரகு நிறுவனம், மைசூரைச் சேர்ந்த கெயின்ஸ் டெக்னாலஜி என்ற எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் ஆண்டறிக்கையை வரிவரியாகப் படித்தது. சொந்தத் துணைக் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல் ஒரு கணக்கில் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லையே என்று கேட்டது. தனிக் கணக்கில் சில விவரங்கள் கவனக்குறைவால் விடுபட்டன, மொத்தக் கணக்குக்குப் பாதகமில்லை என்று கம்பெனி விளக்கம் சொல்லிற்று. அதற்குள் ஷேர் பலமாக விழுந்துவிட்டது. யார் பக்கம் நியாயம் என்பது நமக்கு இங்கே முக்கியமல்ல. நூற்றுக்கணக்கான பக்கமுள்ள ஆண்டறிக்கையைத் தரகன் தன் லாபத்துக்காக அவ்வளவு அக்கறையோடு படிக்கிறான். அந்தக் கம்பெனிகளில் உழைக்கிற நம்மில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருக்கிறோம்?

நம் பணமும் அங்கேதான்

"ஷேர் வைத்திருப்பவன் பாடு, நமக்கென்ன" என்று இன்று சொல்ல முடியாது. 2015 ஆகஸ்டிலிருந்து தொழிலாளரின் பி.எப். பணத்தில் ஒரு பகுதி ஷேர் மார்க்கெட்டுக்குப் போகிறது. புதிதாகச் சேரும் தொகையில் முதலில் நூற்றுக்கு 5, அடுத்த ஆண்டு 10, 2017-இல் 15 ஆக்கினார்கள். பெரிய கம்பெனிகளின் குறியீட்டை ஒட்டிய நிதிகளில்தான் போடுகிறார்கள், தனித்தனி ஷேரில் அல்ல. ஆனாலும் குளம் ஒன்றுதான். தொழிற்சங்கங்கள் ஆட்சேபித்ததை ஒதுக்கிவிட்டுச் செய்தார்கள்.

இதைவிட அவசரமானது வீட்டுக்குள் நடக்கிறது. மில் தொழிலாளியின் மகன் செல்போனில் ஷேர் ஆடுகிறான். அதிலும் வாயிதா வியாபாரம், 'ஆப்ஷன்' என்பது அவர்கள் பாஷை. 2024 செப்டம்பரில் செபியே வெளியிட்ட கணக்குப்படி, 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் இந்த ஆட்டம் ஆடிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். சாராயக் கடையாவது பகலில் வாசலில் தெரிகிறது, இது சட்டைப் பையில் இருக்கிறது. தரக்குறைப்புச் செய்தி அவன் போனில் வந்து மினுங்கும்போது, அதைப் படித்து விற்கவேண்டியவர்கள் விற்று முடித்திருப்பார்கள். தாய்மார்கள் மகனிடம் கணக்குக் கேளுங்கள்.

நமக்கு லாபமுள்ள படிப்பு வேறு ஒன்று இருக்கிறது. 1965 போனஸ் சட்டத்தில், கம்பெனிக் கணக்கின் எந்த இனத்துக்கும் விளக்கம் கேட்டுச் சங்கம் ட்ரிப்யூனலிடம் மனுப் போட வழி இருந்தது. எத்தனையோ மில் சங்கங்கள் அதைக் கொண்டு போராடியிருக்கின்றன. அந்தச் சட்டம் 2019 ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டு, 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. 8.33 சதவிகிதக் குறைந்தபட்சமும் 20 சதவிகித உச்சமும் தொடர்கின்றன. சட்டத்தின் பெயர் மாறினாலும் கணக்குப் படிக்கும் பழக்கத்தை நாம் விடக்கூடாது.

புது எலெக்ட்ரானிக்ஸ் தொழிலில் சங்கமே இப்போதுதான் காலூன்றுகிறது. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தின் பதிவு கிடைத்தது 2025 ஜனவரிக் கடைசியில்தான், அதுவும் ஹைகோர்ட் வரை போன பிறகு. டிக்சன் ஷேர் விழுந்த அதே மாதம். ஷேர் விழுந்ததைப் பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன.

ஷேர் மார்க்கெட்டில் பெயர் பதிந்த ஒவ்வொரு கம்பெனியின் ஆண்டறிக்கையும் இலவசமாகக் கிடைக்கிறது, போனிலேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் மூன்று இடங்களைப் பாருங்கள். ஊழியர் செலவு எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். காண்ட்ராக்ட் ஆளுக்குக் கொடுத்தது பல கம்பெனிகளில் அதில் சேராமல் 'இதர செலவு' என்ற தலைப்பில் ஒளிந்திருக்கும், பின்குறிப்பில் தேடவேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு டைரக்டரின் சம்பளமும் நடுத்தர ஊழியரின் சம்பளத்தைப் போல் எத்தனை மடங்கு என்று 2013 கம்பெனிச் சட்டப்படி அச்சிட்டே ஆகவேண்டும். காண்ட்ராக்ட் தொழிலாளி கம்பெனியின் ஊழியர் பட்டியலில் இல்லாததால் அந்த மடங்கும் உள்ளதைவிடக் குறைவாகத்தான் தெரியும். ஆங்கிலம் தடையானால் சங்க ஆபீசில் இருக்கும் படித்த பையன்களை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணைத் தமிழில் எழுதி அடுத்த வாயிற்கூட்டத்தில் தட்டியில் கட்டுங்கள்.